லேட் ஃபீ: நியாயமா, திரும்ப வருமா? ஒரு நூற்றைம்பது வருடக் கணக்கு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சீர்செய்யப்பட்டது.)

இன்னைக்கு எடுத்துக்கிற விஷயம் கிரெடிட் கார்டு பில்லில் கடைசி வரியில் வருகிற தாமதக் கட்டணம். நம்ம பேச்சில் லேட் ஃபீ. இதைப் பற்றி எல்லாருக்கும் இருக்கிற கேள்வி ரெண்டு. ஒண்ணு, இது நியாயமா? இன்னொண்ணு, கட்டின பணம் திரும்பக் கிடைக்குமா?

பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருக்கும். நியாயமில்லைன்னா திரும்பக் கிடைக்கணும், அவ்வளவுதானேன்னு தோணும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போ ரெண்டும் தனித்தனிக் கேள்வி. ரெண்டுக்கும் போகிற வாசலே வேற. அது எப்படிப் பிரிந்தது என்பதுதான் இந்த எபிசோட். கதை நடக்கிற இடம் பெரும்பாலும் மதுரையும் அதைச் சுற்றியிருக்கிற சமவெளியும்.

மதுரைப் பக்கம் வட்டியை வருஷக் கணக்கில் யாரும் பேசுறதில்லை. "நூத்துக்கு ரெண்டு", "மூணு வட்டி", "அஞ்சு வட்டி", இப்படித்தான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாசம் எத்தனை ரூபாய் என்பதுதான் கணக்கு. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒருத்தர் "மூணே முக்கால் வட்டி"ன்னு சொன்னா, கேட்கிறவர் கொஞ்சம் யோசிப்பார், பேரம் பேசுவார். கிரெடிட் கார்டு விதிமுறைத் தாளில் பல வங்கிகள் போட்டிருப்பது மாசம் 3.5 முதல் 3.75 சதவீதம். அதே மூணே முக்கால் வட்டிதான். வருஷத்துக்கு 45 சதவீதம். இதற்கு மேலே தனியாக வருவதுதான் லேட் ஃபீ.

தண்டத்துக்கு ஓர் அளவு

1872-ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. இன்னைக்கும் அதே சட்டம்தான் நடைமுறையில் இருக்கு. அதன் 74-வது பிரிவை மட்டும் பாருங்க. ரெண்டு பேர் ஒப்பந்தம் போடுறாங்க. "வாக்கு மீறினா இவ்வளவு தரணும்"னு முன்கூட்டியே ஒரு தொகை எழுதியிருக்காங்க. ஒருத்தர் மீறிட்டார். எழுதின தொகை முழுசும் கொடுக்கணுமா? வேண்டாம் என்கிறது சட்டம். நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைக் கொடுத்தால் போதும். எழுதின தொகை என்பது உச்ச வரம்பு மட்டும்தான்.

1899-ல் இந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அப்போ சேர்த்த விளக்கம் நம்ம விஷயத்துக்கு ரொம்ப நெருக்கம். தவணை தவறின நாளிலிருந்து வட்டியைக் கூட்டுகிற நிபந்தனையும் தண்டமாக இருக்கலாம் என்றது அது. கூடவே ஓர் உதாரணம். ஒருத்தர் 12 சதவீத வட்டிக்கு 1,000 ரூபாய் கடன் வாங்கிப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார், ஆறு மாதத்தில் திருப்பணும். தவறினால் அன்றிலிருந்து 75 சதவீத வட்டி. இது தண்டம், கடன் கொடுத்தவருக்கு நீதிமன்றம் நியாயம் என்று நினைக்கிற இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்தார்கள்.

இதன் பின்னால் இருக்கிற யோசனை ரொம்ப எளிமையானது. நான் தாமதமாகக் கட்டினதால் உனக்கு என்ன நஷ்டம்? அதைச் சொல், தருகிறேன். என்னைப் பயமுறுத்த ஒரு தொகை எழுதி வைத்தால் அது செல்லாது. 1963-ல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 2015-ல் கைலாஷ்நாத் வழக்கில் இன்னும் தெளிவாக, இழப்பு என்று ஒன்று இருந்தால்தான் இழப்பீடு என்றது.

ஆக, பழைய சட்டத்தில் நியாயமும் திரும்பக் கிடைப்பதும் ஒரே வாசலில் இருந்தன. நீதிமன்றத்துக்குப் போனா, நீதிபதி தொகையைக் குறைக்கலாம். ஆனா புரோ நோட்டில் கைநாட்டு வைத்த ஒரு சம்சாரி வக்கீல் வைத்து, சாட்சி கொண்டு வந்து, 74-வது பிரிவை வாதாட முடியுமா? பெரும்பாலும் எதிர்க் கட்சியாகக்கூட அவர் ஆஜராவதில்லை. தீர்ப்பு ஒருதலையாக வந்துவிடும், நிலம் ஏலத்துக்குப் போகும்.

ரூபாய்க்கு ஒரு பை

1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. பெரியாற்றுத் தண்ணீர் 1895-லிருந்து பாய்ந்த மேலூர் பக்கமும் சரி, வானம் பார்த்த உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமும் சரி, வாங்கின கடன் அதே ரூபாயில் நின்றது, விற்கிற விளைச்சலுக்கு மட்டும் ரூபாய் குறைந்தது. சென்னை மாகாணம் முழுவதும் கிராமக் கடன் எவ்வளவு என்று ஆராய அரசு சத்தியநாதன் என்ற அதிகாரியை நியமித்தது. 1935-ல் அவர் தந்த மதிப்பீடு சுமார் 200 கோடி ரூபாய்.

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. அடுத்த வருஷமே சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1938-ன் நான்காவது சட்டம். இதில் மூணு விஷயத்தைக் கவனிங்க.

முதலாவது, 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கின கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டி முழுசும் ரத்து. அசலைக் கட்டினால் போதும்.

ரெண்டாவது, அந்தப் பழைய கடனில் அசலாகவோ வட்டியாகவோ இதுவரை கட்டினது அசலைப் போல இரண்டு மடங்கு ஆகியிருந்தால், கடனே தீர்ந்தது. நூறு வாங்கி இருநூறு கட்டியாச்சா, கணக்கை மூடு. பம்பாய் மாகாணத்தில் இந்துக்களிடையே "தம்துபத்" என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. எந்த ஒரு நேரத்திலும் நிலுவை வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்பது அது. சென்னை மாகாணத்தில் அந்த வழக்கம் செல்லுபடியாகவில்லை. அதனால் 1938 நம்ம பக்கத்துக்குப் புதுசு.

மூணாவது, புதுக் கடனுக்கு உச்ச வட்டி. ரூபாய்க்கு மாசம் ஒரு பை, தனி வட்டி. 192 பை ஒரு ரூபாய். கணக்குப் போட்டா வருஷத்துக்கு ஆறேகால் சதவீதம். படிக்காதவரும் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி சட்டத்திலேயே பை கணக்கை எழுதினார்கள். அது சின்ன விஷயம் இல்லை. தன் கடன் சட்டப்படி எவ்வளவு என்று கடனாளிக்கே தெரிந்தால்தான் அவர் கேட்க முடியும்.

கடன் கொடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சட்டம் செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு டெல்லியில் இருந்த ஃபெடரல் நீதிமன்றம் வரை போனது. 1940-ல் அங்கேயும் கடனாளி பக்கம்தான் தீர்ப்பு வந்தது. அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்லணும். இருபக்கமும் சம்மதித்துப் போட்ட ஒப்பந்தத்தை அரசு பின்தேதியிட்டு மாத்தினா, நாளைக்கு யார் கடன் கொடுப்பார்கள்? இந்தக் கேள்வியை மறந்துடாதீங்க. இதே கேள்வி எழுபது வருஷம் கழித்து கார்டு வழக்கில் திரும்ப வருது.

1938 சட்டம் காட்டினது இதுதான். ஒவ்வொரு கடனாளியும் தனித்தனியாக நீதிபதியிடம் "இது அநியாயம்" என்று நிரூபிக்கத் தேவையில்லை. வரம்பை விதியாக எழுதிட்டா, வரம்பு மீறினதைக் காட்டினா போதும்.

வங்கி வந்தது, ஒரு கதவு மூடியது

1943-ல் கருமுத்து தியாகராஜ செட்டியார் மதுரையில் பேங்க் ஆஃப் மதுராவைத் தொடங்கினார். 2001 மார்ச்சில் அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. ஊர்ப் பெயர் தாங்கின வங்கி பிறந்து மறைந்த இந்த அம்பத்தெட்டு வருஷத்துக்குள் கடனின் முகமே மாறிப்போச்சு. கடன் கொடுப்பவர் இனி பக்கத்துத் தெருக்காரர் இல்லை, நிறுவனம். 1980-ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா கிரெடிட் கார்டு கொண்டு வந்தது. தொண்ணூறுகளில் வெளிநாட்டு வங்கிகளும் தனியார் வங்கிகளும் கார்டை நகரங்களில் பரப்பின.

இதற்கு நடுவில், பெரிதாக யாரும் பேசாத ஒரு திருத்தம். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984-ல் 21ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வங்கி வாங்குகிற வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் அந்தக் கணக்கைத் திரும்பத் திறக்கக் கூடாது என்கிறது அது. 1918-ன் கொடுவட்டிக் கடன் சட்டம் ஆகட்டும், மாநிலங்களின் கடன் நிவாரணச் சட்டங்கள் ஆகட்டும், எதையும் காட்டிக் கேட்க முடியாது. 2018-ல் உச்ச நீதிமன்றம், விவசாயக் கடன் நிவாரணத்துக்கான மாநிலச் சட்டங்கள் இருக்கிற இடத்தில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு என்றது. கிரெடிட் கார்டு விவசாயக் கடன் இல்லையே.

2003-ல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. மீட்டர் வட்டி, தண்டல் என்று நம்ம தெருவில் புழங்குகிற சொற்களையே சட்டத்தில் எழுதினார்கள். மூணு வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். ஆக, கடைத்தெருவில் தண்டல்காரர் வாங்குகிற வட்டிக்கு மாநிலம் வரம்பு போடுது, வங்கி வாங்குகிற வட்டிக்கு ரிசர்வ் வங்கிதான் எல்லாம். ரிசர்வ் வங்கி கார்டு வட்டிக்கு எண்ணில் உச்ச வரம்பு எதுவும் வைக்கலை. கொடுவட்டியாக இருக்கக் கூடாது, முன்கூட்டியே தெரிவிக்கணும் என்று மட்டும் சொல்லுது.

ஆனா ஒண்ணு. 21ஏ பேசுறது வட்டி விகிதத்தைப் பற்றி. தாமதத்துக்கான தண்டத்தைப் பற்றி 2001-லேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சென்ட்ரல் பேங்க் எதிர் ரவீந்திரா வழக்கில், ஒரு கோடு போட்டது. வட்டியை அசலோடு சேர்க்கலாம், தண்ட வட்டியை அசலோடு சேர்க்கக் கூடாது. அதாவது அபராதம் குட்டி போடக் கூடாது. இதை நினைவில் வெச்சுக்கோங்க.

பதினாறு வருட வழக்கு

2008 ஜூலை 7. தேசிய நுகர்வோர் ஆணையம், 'ஆவாஸ்' என்ற அமைப்பு கொண்டு வந்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. அப்போ சில வங்கிகள் கார்டு பாக்கிக்கு வருஷம் 36 முதல் 49 சதவீதம் வரை வாங்கிக்கொண்டிருந்தன. உரிய தேதியில் கட்டாதவர்களிடம் 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்றது ஆணையம். தண்ட வட்டியை ஒரு தவறுக்கு ஒரு தடவைதான் போடலாம், அதை அசலோடு சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது.

வங்கிகள் மேல்முறையீடு போயின. 2009-ல் இடைக்காலத் தடை. அதற்கப்புறம் வழக்கு கிடந்தது, கிடந்தது, 2024 டிசம்பர் 20 வரை கிடந்தது. அன்றைக்கு உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டிக்கு வரம்பு போடுவது ரிசர்வ் வங்கியின் வேலை, நுகர்வோர் ஆணையத்தின் வேலை இல்லை. நிபந்தனைகள் முன்கூட்டியே கார்டுதாரருக்குத் தெரியும், தெரிந்துதான் வாங்கினார். 1938-ல் கடன் கொடுத்தவர்கள் சொன்ன அதே வாதம் இந்தத் தடவை ஜெயித்தது.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் இல்லை. பிரிட்டனில் 2006-ல் நியாய வணிக அலுவலகம், 12 பவுண்டுக்கு மேற்பட்ட கார்டு தாமதக் கட்டணம் நியாயமற்றதாகக் கருதப்படும் என்றது. வங்கிகள் குறைத்தன, மக்கள் பழைய பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் 2016-ல் உயர் நீதிமன்றம் நேர் எதிராக, அப்படிப்பட்ட கட்டணம் தண்டம் இல்லை என்றது. அமெரிக்காவில் 2024-ல் 8 டாலர் வரம்பு என்று ஒரு விதி வந்தது. அமலுக்கு வராமலே 2025 ஏப்ரலில் நீதிமன்றத்தில் ரத்தானது. விதி எழுதினவர் பலமா நின்ற இடத்தில்தான் மக்களுக்குப் பணம் திரும்பி வந்தது.

சரி, நம்ம பில்லுக்கு வருவோம்

நியாயமா என்ற கேள்வியை ஒரு கணக்கில் பார்த்துடலாம். பில் 4,000 ரூபாய். அஞ்சு நாள் தாமதமாகக் கட்டுறீங்க. மூணே முக்கால் வட்டியில் அந்த அஞ்சு நாளுக்கான வட்டி 25 ரூபாய். லேட் ஃபீ 500 என்று வெச்சுக்குவோம், அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 590 ரூபாய். தாமதத்துக்கான விலையை வட்டியாக ஏற்கெனவே வங்கி வாங்கிடுது. அப்போ இந்த 500 எந்த நஷ்டத்துக்கு? ஒரு எஸ்எம்எஸ், ரெண்டு போன் கால். பில் தொகை ஏற ஏற கட்டணமும் ஏறுது, 50,000-ஐத் தாண்டினா ஆயிரத்துக்கு மேல் வாங்குகிற வங்கிகள் உண்டு. பெரிய பில்லுக்கு எஸ்எம்எஸ் விலை கூடுமா என்ன?

வங்கி சொல்வதையும் கேட்கணும். நகை, பத்திரம் எதுவும் வாங்காமல் கொடுக்கிற கடன் இது. ஒழுங்காகக் கட்டுறவருக்கு ஒரு மாசத்துக்கு மேல் வட்டியே இல்லை. தேதிக்குப் பயப்பட ஒரு காரணம் இல்லைன்னா யாரும் தேதியில் கட்ட மாட்டாங்க. இதில் உண்மை இருக்கு. ஆனா 1899-ன் அளவுகோலில் "பயப்பட வைக்க" என்பதுதான் தண்டத்தின் இலக்கணமே. என் வாசிப்பில், 1,000 ரூபாய் லேட் ஃபீ அந்த அளவுகோலில் தேறாது.

அப்படின்னா திரும்பக் கிடைக்குமா? விதிப்படி போட்ட கட்டணம் என்றால், உரிமையாகக் கேட்டு வாங்குவது இன்னைக்கு கஷ்டம். விதியை மீறிப் போட்டது என்றால், கிடைக்கும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு விதிகளில் நமக்கு வேண்டியது நாலு.

ஒண்ணு: உரிய தேதி கழிந்து மூணு நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீ போடலாம். தேதி 10 என்றால், 13-ஆம் தேதி கட்டினவருக்கு லேட் ஃபீ இல்லை. இந்தச் சலுகை லேட் ஃபீக்கும் சிபில் மாதிரி நிறுவனங்களுக்குத் தகவல் தருவதற்கும்தான். வட்டிக் கணக்கு தனி.

ரெண்டு: உரிய தேதிக்குப் பிறகு நிற்கிற பாக்கிக்குத்தான் கட்டணம், மொத்த பில்லுக்கு இல்லை. பழைய பாக்கி, இஎம்ஐ எல்லாம் சேர்ந்து பில் 60,000, குறைந்தபட்சத் தொகை 25,000. நீங்க 20,000 கட்டினீங்க. 40,000-க்கான ஸ்லாப்தான் போடணும், 60,000-க்கு இல்லை.

மூணு: கட்டாத கட்டணம், வரி இவற்றை அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. 2001-ல் போட்ட கோடு ஞாபகம் இருக்கா? அபராதம் குட்டி போடக் கூடாது. ஆவாஸ் வழக்கு தோற்றாலும் இந்தக் கோடு அழியலை.

நாலு: பில் உங்க கைக்கு வந்து பணம் கட்டக் குறைந்தது ரெண்டு வாரமாவது அவகாசம் இருக்கணும். பில்லே வரலை, தாமதமா வந்தது என்றால் அதை எழுதிக் கேட்கலாம். நீங்க கேட்காமலே அனுப்பின கார்டுக்குக் கட்டணம் போட்டிருந்தா, கட்டணத்தையும் திருப்பணும், அதைப் போல ரெண்டு மடங்கு அபராதமும் தரணும்.

கேட்கிற வழி இதுதான். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், மின்னஞ்சல் போதும். பில் தேதி, கட்டின தேதி, போட்ட கட்டணம், அதன்மேல் போட்ட ஜிஎஸ்டி, எந்த விதி மீறல். போனில் பேசினாலும் புகார் எண்ணைக் குறிச்சு வெச்சுக்கோங்க. முதல் தடவை தவறினவர் கேட்டால் பல வங்கிகள் தாமாகவே விட்டுக்கொடுக்கும், ஆனா அது தயவு, உரிமை இல்லை. 30 நாளில் பதில் வரலை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், இணையத்திலேயே பதியலாம், விவரம் கேட்க 14448. வங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

இன்னொரு வாசல் நுகர்வோர் ஆணையம். மதுரையிலேயே மாவட்ட ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. 2019-ன் நுகர்வோர் சட்டத்தில் இன்னும் ஒரு வரி உண்டு. இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டம் விதிக்கிற ஒப்பந்தம் "நியாயமற்ற ஒப்பந்தம்". அந்தப் புகாரை மாவட்டத்தில் எடுக்க மாட்டாங்க, மாநில ஆணையத்துக்குப் போகணும். அதன் அமர்வு மதுரையிலும் உண்டு. 2024 தீர்ப்பு வட்டியைப் பற்றியது. தட்டையாகப் போடுகிற லேட் ஃபீயை இந்த வரியில் வைத்து யாராவது வாதாட இடம் இருக்கு என்பது என் வாசிப்பு. 590 ரூபாய்க்காகத் தனி ஆள் அந்தத் தூரம் போக மாட்டார். ஒரு நுகர்வோர் சங்கம் போகலாம்.

முடிக்கிறதுக்கு முன் ஒரு விஷயம். எப்போது போடலாம், எந்தத் தொகைக்குப் போடலாம் என்று ரிசர்வ் வங்கி எழுதிடுச்சு. எவ்வளவு போடலாம் என்பதை எழுதலை, அந்த இடம் காலியாகவே இருக்கு. 1938-ல் அந்த இடத்தில் "ரூபாய்க்கு ஒரு பை" என்று எழுத ஒரு சட்டமன்றம் இருந்தது. அதுவரைக்கும் நம்ம கையில் இருப்பது பில்லும் தேதியும்தான். போன மூணு மாச பில்லை எடுத்து, அந்த நாலு விதியோடு ஒத்துப் பாருங்க. ஒத்து வரலைன்னா எழுதுங்க.